எட்டாம் பெட்டியின் வலது கை

பட்டப்பகலில், பிற்பகல் மணி இரண்டு நாற்பத்தேழுக்கு, செத்து ஐந்து வருஷமான ஒருவனோடு நான் கைகுலுக்கியிருக்கிறேன். அதில் ஜெயித்ததும் அவன்தான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்காது.

கிதியோனி பெரிதாக்கிச் சொல்கிறவன் என்று எங்கள் தீவுத் தலைநகர் சுவா முழுக்க எனக்குப் பேர் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். நான் பிடித்த மீனின் நீளத்தைக் காட்ட என் இரண்டு கை போதாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கையையும் சேர்த்து நீட்டச் சொல்வேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒரு விரற்கடைகூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடம் இல்லை.

படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் வலது உள்ளங்கையைத் திருப்புங்கள். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிகிற கோட்டுக்குப் பக்கத்தில், இடது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பட்டாணி போல ஒன்று உருளும். கிடைத்ததா? அதற்குப் பெயரே பட்டாணி எலும்புதான். உடம்பின் இருநூற்றாறு எலும்புகளில் யாரும் மதிக்காத ஒன்று.

அதைத் தொட்டுக்கொண்டே மேலே படியுங்கள்.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் எலும்பறை என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம். உள்ளே பதினாறாயிரம் எலும்பு. சரி, என் மனைவி முறைக்கிறாள், பதினோராயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரப்பெட்டியிலும் பாதி ஆள் இருப்பான்: பாதி மண்டையோடு, முதுகெலும்பில் கொஞ்சம், ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால். மறுபாதி அடுத்த பெட்டியில். முதல் வருஷப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியை விடுதிக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் வைத்துப் படிப்பார்கள். கை எலும்புகளும் கால் எலும்புகளும் சின்னச் சின்னதாய்த் தொலைந்துபோகும் என்பதால் அவற்றை நான் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பில் கோத்து முடிச்சுப் போட்டு வைப்பேன். என் முடிச்சை என்னைத் தவிர யாரும் போட முடியாது. இது பெருமை இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஹாலம் எலும்புப் பாடம் நடத்துவார். நியூஸிலாந்துக்காரர். ஆறடி நாலங்குலக் கொடுமை. முதல் நாள் வகுப்பில் ஒரு எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டுவார். "இது நல்ல வலது கை. இதில் இருபத்தேழு எலும்பு. மணிக்கட்டில் எட்டு." பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுவார். அந்தக் கை என்னுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கல்லூரியில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரே கை என்று இழுத்துப்போய் அவரே எடுத்த படம். இருபது வருஷம் என் எட்டு எலும்பையும் பிள்ளைகள் முன்னால் எண்ணினவர் அவர்.

அவருடைய பரீட்சையில் ஒரு பை உண்டு. கருநீலத் துணி, வாயில் ரப்பர் நாடா. பிள்ளைகள் அதைச் சுறா வாய் என்பார்கள். உள்ளே நான் ஒரு எலும்பைப் போடுவேன். பிள்ளை பார்க்காமல் கையை விட்டு, தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்ன எலும்பு? வலதா, இடதா? உடம்பில் அதற்கு என்ன வேலை? ஒரு நிமிஷம். தப்பாகச் சொன்னால் ஹாலம் கத்தமாட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்பார்.

"உன் ஊருக்குப் படகு வெள்ளிக்கிழமைதானே?"

அவ்வளவுதான். பிள்ளை பெட்டி கட்டவேண்டியதுதான்.

இப்போது செத்தவனைப் பற்றி.

மலாகாய். துறைமுகத்தில் கொப்பரை மூட்டை தூக்குகிறவன். அவன் ஊர் தோங்கோலேவு. எங்களுக்கும் தோங்கோலேவுக்காரர்களுக்கும் தௌவு உறவு. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே மூதாதை. அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், வீட்டில் புகுந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பறிகொடுத்தவன் கோபப்படக் கூடாது. சிரிக்க வேண்டும். பிறகு அவன் முறை வரும். அவனும் எடுப்பான். அதற்கு நாம் சிரிக்க வேண்டும்.

என் கல்யாணத்தன்று காலையில் என் புதுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு மலாகாய் எனக்கு முன்னால் தேவாலயத்துக்குள் நடந்தான். நான் அவன் பன்றியைச் சமைத்து, அவனையே விருந்துக்குக் கூப்பிட்டேன்.

அவன் கைகுலுக்குவதே ஒரு சித்திரவதை. இரண்டு அழுத்து அழுத்துவான், எலும்போடு எலும்பு உரசும். நாம் "ஐயோ" என்றதும் சுண்டுவிரலால் உள்ளங்கையில் ஒரு கீறு கீறுவான். எப்போதும் அதே மாதிரி. இரண்டு அழுத்து. ஒரு கீறல்.

அறுபத்தொன்பதில் அவன் நெஞ்சுவலியில் செத்தான். மறுநாள் காலை எட்டரைக்கு என் அறைக்கு ஒரு உடல் வந்தது. கூடவே ஒரு காகிதம். உடம்பைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தான், பாவி. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வதே கிடையாது. பாய் விரித்து, ஊரே கூடி அழுது, மண்ணுக்குள் போகவேண்டியவர்கள் நாங்கள். காகிதத்தின் அடியில் அவன் கையெழுத்து:

"கிதியோனி, நல்லாத் தேச்சுக் கழுவு. காதுக்குப் பின்னாடி மறந்துடாத."

நான் அழுதேன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன். தௌவு என்றால் இதுதான்.

பதினாலு மாதம் ஆனது. ஊறவைத்து, சுத்தம் செய்து, வெயிலில் வைத்து, வெளுத்து, கோத்து, வலது பாதியை எட்டாம் பெட்டியிலும் இடது பாதியை ஒன்பதாம் பெட்டியிலும் வைத்தேன். இப்போது என் முறை அல்லவா? அவன் வலது கையிலிருந்து பட்டாணி எலும்பை எடுத்தேன். துளை போட்டேன். ஒரு பித்தளை வளையத்தை நுழைத்து, வாயை நெருக்கி ஒட்டவைத்து, என் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் எலும்பறையைத் திறக்கும்போது, "மலாகாய், கதவைத் திறடா" என்பேன்.

இனி அவன் முறை என்று ஒன்று வராது என்று நினைத்தேன். திருப்பி எடுக்க அவனுக்குக் கை ஏது?

கை இருந்தது. எட்டாம் பெட்டியில்.

எழுபத்துநாலில் வாசிதி எங்கள் கல்லூரியில் முதல் வருஷத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தோங்கோலேவுப் பெண். மலாகாயின் அண்ணன் மகள். அவள் வீட்டாருக்கு அவன் கப்பலேறி எங்கோ போய்விட்டதாகத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவள் முதல்முறை பெட்டி கேட்டு வந்த அன்றே எட்டாம் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். சொந்தச் சித்தப்பனைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் தூங்கினாள். இதைவிடப் பெரிய விளையாட்டை எங்கள் ஊரில் யாரும் விளையாடியதில்லை என்று எனக்குள் ஒரே குதூகலம். கொடுமைதான். தெரியும். அப்போது இனித்தது.

தினமும் கேட்பேன்: "என்ன தௌவு, உன் பெட்டிக்காரன் ராத்திரி நல்லாத் தூங்கினானா?"

"தூங்கினான். உன்னை மாதிரி வாயைத் திறந்துட்டுத் தூங்கல" என்பாள். "உன் மண்டையை எப்ப பெட்டியில போடுவாங்க? உள்ள காலியா இருக்குமே, நான் பென்சில் போட்டு வச்சுக்கலாம்."

அவளுக்கு என் வயதில் முக்கால்வாசிகூட இல்லை. தௌவுக்கு ஏது மரியாதை?

ஆனால் அந்த ஜூலையில் ஒருநாள் அவள் விளையாடவில்லை.

"கிதியோனி, இந்தக் கையில இருபத்தாறுதான் இருக்கு. பட்டாணி இல்ல. ஹாலம் என்கிட்ட அதைத்தான் கேப்பாரு. ரெண்டு தடவை அதுலதான் விழுந்தேன். தனியா எடுத்துத் தொட்டே பாக்காத எலும்பை நான் எப்படிச் சொல்றது?"

சாவிக்கொத்து என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அது வேண்டாத எலும்பு, விடு" என்றேன்.

"எங்கம்மாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சது, தெரியுமா? படகு வர ஒரு வாரம். அதுக்குள்ள கோணலாச் சேந்துடுச்சு. இப்ப ஒரு கால் நாலு அங்குலம் கம்மி. அவங்க நடக்கறதைப் பாத்துச் சின்னப் பசங்க நடிச்சுக் காட்டறாங்க. எங்களுக்கு வேண்டாத எலும்புன்னு ஒண்ணும் இல்ல." ஒரு மூச்சு விட்டாள். "இது மூணாவது தடவை. இதுலயும் விழுந்தா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

நான் அப்போதாவது கையை முன்னால் நீட்டியிருக்கலாம்.

நீட்டவில்லை.

ஆகஸ்ட் பதினாலு, புதன்கிழமை. காலையிலிருந்தே மழை. பகலிலேயே வராந்தாவில் விளக்குப் போட்டிருந்தார்கள். வாசிதியின் முறை கடைசி.

மணி 2.38. ஹாலம் எலும்பறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தத் தோங்கோலேவுப் பொண்ணுக்குப் பட்டாணியைப் போடு."

"டாக்டர், மூணாவது தடவை..."

"அதனாலதான்."

உதிரி எலும்புத் தட்டை இழுத்தேன். பட்டாணிக்கான குழி காலி. யாரோ தொலைத்திருக்கிறார்கள். ஹாலமின் கண் என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தில் நின்றது.

"அது என்ன?"

"டாக்டர், அது... சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"கழட்டு."

கொத்திலிருந்து கழற்றினேன். எலும்பிலிருந்து வளையம் வரவில்லை.

"வளையத்தோடவே போடு. கொஞ்சம் குழம்பட்டும்." புன்னகைத்தார். அபூர்வம் அது.

மணி 2.41. பையை உதறினேன். காலி. உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினேன். பித்தளை வளையத்தோடு அந்த ஒரே எலும்பை ஹாலம் கண்முன்னால் உள்ளே போட்டேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

எலும்பறையிலிருந்து பரீட்சை அறைக்கு வராந்தா வழியே இருபத்திரண்டு அடி. பை காகிதம் போல லேசு. ஏழாவது அடியில் ஹாலமிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். பன்னிரண்டாவது அடியில்...

பை கனத்தது.

தண்ணீர் நிறைந்த இளநீர் அளவுக்கு. அடிப்பக்கம் தொங்கிற்று. மழையில் நனைந்திருக்கும் என்று தொட்டேன். துணி உலர்ந்திருந்தது.

ஒரு வாசனை வேறு. மக்கிய கொப்பரை. கல்லூரியில் அந்த வாசனைக்கு வேலையே இல்லை.

பையை மேசைமேல் வைத்தேன். 'டிக்' என்று கேட்கவில்லை. பொத்தென்று கேட்டது. ஹாலம் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கவனித்ததாகத் தெரியவில்லை.

மணி 2.43. வாசிதி வந்து உட்கார்ந்தாள். உதடு வறண்டிருந்தது. என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்: "கிழட்டு நண்டே, வேண்டிக்கோ."

"கையை விடு" என்றார் ஹாலம்.

2.44. விட்டாள். நெற்றி சுருங்கிற்று.

"டாக்டர்... எத்தனை எலும்பு போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு. ஐம்பது செகண்ட் இருக்கு."

"ஆனா இது..." அவள் தோள் லேசாக அசைந்தது. பிறகு அவள் முகம் தெளிந்தது. சிரித்தேவிட்டாள். "இது எங்க கைதான்! எட்டாம் பெட்டிக் கை. நடுவிரல் அடியில பழைய முறிவு இருக்கே. எனக்குத் தெரியாதா?"

"என்ன உளர்ற?"

"வலது கை, டாக்டர். ஆரை எலும்புப் பக்கம் படகு எலும்பு. அடுத்தது பிறை. அடுத்தது முப்பட்டை. அதுக்கு மேல..." நிறுத்தினாள். குரல் மாறிற்று. "பட்டாணி. பட்டாணி இருக்கு! அதுல ஏதோ கம்பி வளையம் மாட்டியிருக்கு. இருபத்தேழும் இருக்கு, டாக்டர்."

ஹாலம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் வேலை போய்விடும் போலிருந்தது.

"வேலை?" என்றார் அவளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "பட்டாணிக்கு என்ன வேலை?"

"மணிக்கட்டை மடக்கற தசையோட நார் வந்து பிடிக்கிற இடம். பிடிமானம், டாக்டர். அது இருந்தாத்தான் கை இறுக்கமாப் பிடி..."

சொல் பாதியில் நின்றது.

"டாக்டர்..." என்றாள். "இது என் கையைப் பிடிச்சிருக்கு."

ஹாலம் பையின் பக்கம் குனிந்தார்.

"அழுத்தல. சும்மா பிடிச்சிருக்கு."

பையின் துணி மெதுவாக ஏறி இறங்கிற்று.

"கீறுது... உள்ளங்கையில... சுண்டுவிரலால..." அவள் கண்ணில் தண்ணீர் கட்டிற்று. பையின் வாயைப் பார்த்துக் குனிந்தாள். மிக மெதுவாகக் கேட்டாள்.

"சித்தப்பா?"

நான் மேசையை விட்டு ஒரு அடி பின்வாங்கினேன்.

"போதும்!" ஹாலம் மேசையைத் தட்டினார். "கிதியோனி! நீ போட்ட கையை நீயே வெளிய எடு. இப்பவே!"

வாசிதி கையை உருவிக்கொண்டாள். தடையில்லாமல் வந்தது.

மணி 2.47.

நான் கையை விட்டேன்.

உள்ளே குளிர்ச்சி. துணி. ஓரம். மூலை.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை...

பிடித்தது.

உலர்ந்த விரல்கள். ஐந்து. என் தூண்டில் நரம்பு தோலில் உரசிற்று.

ஒரு அழுத்து.

எலும்போடு எலும்பு.

இரண்டாவது அழுத்து.

"ஐயோ" என்றேன்.

கீறவில்லை.

இந்த முறை கீறவில்லை. அந்தச் சுண்டுவிரல் என் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. தேடிற்று. நீங்கள் இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதே இடம்.

நின்றது.

சொடக்கு.

ஒரே ஒரு சொடக்கு.

நான் அலறியதை மாடியில் பிணத்தை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்.

கையை இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதினேன். கையில் ரத்தம் இல்லை. கீறல் இல்லை. தோல் முழுசாக இருந்தது. ஹாலம் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை. உள்ளே வெளியே திருப்பினார். நான் போட்ட அந்த ஒற்றை எலும்புகூட இல்லை. மேசைக்கடியில் தேடினார். என் சட்டையைக் கழற்றச் சொன்னார். இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணியை உதறச் சொன்னார். அரை நிர்வாணமாய் ஒரு பெண்பிள்ளை முன்னால் நின்றேன்.

"விரல் வித்தை" என்றார். "ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வித்தை."

"அந்தப் பையில நீங்க பாக்கத்தானே போட்டேன், டாக்டர்!"

அவர் பையைக் கீழே வைத்தார். வாசிதியின் தாளை எடுத்தார். பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கொடுமைக்காரர்தான், ஆனால் எலும்பு விஷயத்தில் பொய் எழுதமாட்டார்.

"பையில என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. பேரு சரி. பக்கம் சரி. வேலையும் சரி." கையெழுத்துப் போட்டார். "வெளிய போங்க."

மணி 4.10. வாசிதி எட்டாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எலும்பறைக்கு வந்தாள். திறந்தோம். வலது கை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. என் தூண்டில் நரம்பு. என் முடிச்சு. அவிழ்த்த அடையாளமே இல்லை.

எண்ணினேன். இருபத்தேழு.

பட்டாணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டாணி கோத்திருந்தது. ஆனால் நான் துளைத்தது அல்ல. வளையம் இல்லை. மலாகாயுடையதைவிடச் சிறியது. மற்ற இருபத்தாறும் சுண்ணாம்பு வெள்ளை. இது மட்டும் வெயிலே பார்க்காத ஒரு இளமஞ்சள். தொட்டேன்.

ஈரம்.

"இது யாரோடது?" என்றாள் வாசிதி.

"தெரியல" என்றேன். பொய் இல்லை. அப்போது தெரியாது.

"மத்தது யாரோடது?"

சொன்னேன். எல்லாவற்றையும். காகிதம், சாவிக்கொத்து, கட்டிலடிச் சிரிப்பு, எல்லாம். தௌவிடம் கோபப்படக் கூடாது. அவள் கோபப்படவில்லை. பெட்டியின் மூடியை மெதுவாக மூடி, அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டு பெட்டியையும் அவள் கல்லூரியில் கேட்டு வாங்கினாள். ஹாலம் கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருஷம் மலாகாய் தோங்கோலேவில் பாய் விரித்து, ஊர் அழ, மண்ணுக்குள் போனான். அந்த ஈரப் பட்டாணியும் அவனோடு போனது.

என் மணிக்கட்டு ஆறு வாரம் வலித்தது. பிறகு நின்றது. மழை வருவதற்கு முன்னால் மட்டும் அந்த இடம் தானாக அதிரும். எக்ஸ்ரே எடுக்கலாம் என்று வாசிதி பல தடவை சொன்னாள். மறுத்துவிட்டேன். எலும்பறைக்காரனுக்கு எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தெரியும்.

கதையை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன். நம்பியவர்கள் நம்பினார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சுவாவிலேயே தங்கிவிட்ட ஹாலம், சனிக்கிழமைதோறும் எங்களோடு யங்கோனா வேர்ச்சாறு குடிக்க வருவார். தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத்தான் எடுப்பார்.

"என்ன கிதியோனி, உன் விரல் வித்தை எப்படியிருக்கு?"

முப்பது வருஷம். ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை.

இரண்டாயிரத்து நாலு, மார்ச். அந்தச் சனிக்கிழமை, மழையில் வழுக்கிய படியில் என் வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஹாலம்தான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், வழியெல்லாம் கேலி செய்துகொண்டு. எலும்புப் பிரிவில் பெரிய டாக்டர் யார்? வாசிதி. எத்தனையோ தீவுகளின் கோணல் கால்களை நேராக்கியவள்.

"வா, கிழட்டு நண்டே. கடைசில என் மேசைக்கு வந்துட்டியா?" என்றாள். "மண்டையையும் கொண்டுவந்திருக்கியா? பென்சில் நிறைய சேந்திருக்கு."

படம் எடுத்தார்கள். மணி 5.20க்கு அவள் அதை விளக்கில் மாட்டினாள்.

மாட்டியவள் அப்படியே நின்றாள்.

ஹாலம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பழக்கதோஷம், விரலால் தட்டி எண்ண ஆரம்பித்தார். "படகு. பிறை. முப்பட்டை..."

விரல் நின்றது.

எலும்பு படத்தில் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். உலோகம் பளீரென்று தெரியும்.

என் பட்டாணி எலும்பின் நடுவே, பளீரென்று, நெருக்கி ஒட்டவைத்த வாயோடு... ஒரு வளையம்.

வெட்டிய தழும்பு இல்லாத கையில்.

வாசிதிதான் முதலில் பேசினாள். என்ன ஆனாலும் தௌவு தௌவுதான்.

"எங்க சித்தப்பாவைத் திருப்பிக் குடுக்கறியா? இல்ல, நீ செத்தப்புறம் நானே கழுவி எடுத்துக்கட்டுமா?"

நான் சிரிக்க வேண்டும். அதுதான் முறை. சிரித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: முப்பது வருஷமாக என் உடம்பின் ஒரு துண்டு தோங்கோலேவில் புதைந்து கிடக்கிறது.

ஹாலம் சிரிக்கவில்லை. என் பெயர் எழுதிய, இருபது வருஷம் பிரம்பால் தட்டி எண்ணிய அந்தப் பழைய படத்தை அவர் மறந்திருக்க முடியாது. மணிக்கட்டில் எட்டு எலும்பு. எட்டும் முழுசு. வளையத்தோடவே போடு என்று சொன்னதும் அவர் வாய்தான்.

அவர் இடது கட்டைவிரல், அவருக்கே தெரியாமல், தன் வலது மணிக்கட்டை அழுத்தித் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பை கனமாத்தான் இருந்தது" என்றார், படத்தைப் பார்த்தபடியே. "மேசைல நீ வச்சப்பவே சத்தம் கேட்டுது எனக்கு. முப்பது வருஷமா அதைக் கேக்காத மாதிரி இருந்தேன்."

என் பக்கம் திரும்பினார்.

"நடந்ததுதான், கிதியோனி."